காதில் மேளம் வைத்து ஓடிய மாரிக்கண்ணன்

மாரிக்கண்ணனுக்கு நான் ஒரு காலத்தில் ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். தொண்ணூற்று நாலாம் வருஷம். பெல்ட் தைக்கிற என் முதல் மெஷினுக்கு முன்பணம் குறைந்தது. தன் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துத் தந்தான், வட்டி கேட்கவில்லை. பதினோரு மாதத்தில் திருப்பிக் கொடுத்தேன், கூடவே ஒரு சட்டைத்துணியும். அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நாளைக்கு ஒருவர், கடன் வாங்கின நன்றிக்கு எழுதுகிறான் என்பார். கடன் வாங்கின கூச்சத்தில்தான் அவனை அமுக்கப் பார்த்தான் என்றும் ஒரு பேச்சு வரும். தாராவியில் இரண்டையும் ஒரே வாய் சொல்லும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலாம் வகுப்பு. பதின்மூன்று வயதில் வந்து இறங்கினேன். இன்றைக்குத் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் பட்டறை, பதினெட்டு மெஷின். எங்கள் முத்தாரம்மன் கோயில் கமிட்டிக்குப் பதினாறு வருஷமாக நான்தான் தலைவர். கொடைக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தது கிடையாது. நான் யாரையும் நம்புவதில்லை என்பதுதான் அதன் ரகசியம். நம்பிக்கை அம்மனிடம். மனுஷனிடம் ரசீது.

கொடை என்றால் எங்களுக்கு வருஷத்தில் பெரிய திருவிழா. சித்திரை கடைசிச் செவ்வாயில் வரும். அன்று உச்சி வேளையில் மேளம் முழங்க, சாமியாடிக்கு அருள் வந்து, பிரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையை மூன்று சுற்று ஓடி வருவார். அந்தச் சாமியாடிதான் மாரிக்கண்ணன். அவனுடைய அப்பாவுக்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக அவன்.

மற்ற நாளில் அவன் தாதரில் ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட்மேன். இருபத்திரண்டு வயதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன், இப்போது ஐம்பத்தைந்து. இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவான், கைப்பிடியைத் திருப்புவான். ஆறு மாடி. கோபம் வந்து நான் பார்த்ததில்லை. யாரோடும் அதிகம் பேச மாட்டான். பேசாத ஆள் என்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம்.

போன வருஷக் கொடையில் இரண்டாவது சுற்றில், மொபைல் ரீசார்ஜ் கடைப் படியில் அவன் உட்கார்ந்துவிட்டான். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே நிற்கிறார்கள். இவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுகிறான். கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது: "சாமிக்கு மூச்சு வாங்குமாவே?" யார் கேட்டது என்று நான் திரும்பிப் பார்த்தேன். எல்லா முகத்திலும் அதே கேள்வி இருந்தது. மூன்றாவது சுற்று நடக்காமலே அந்த வருஷக் கொடை முடிந்தது.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் வெங்கடேஷ் பட்டறைக்கு வந்தான். கமிட்டிக்குப் பொருளாளர், பால் பாக்கெட் ஏஜென்சி வைத்திருக்கிறான், காலையில் மாட்டுங்காவுக்கு லைன் போடுகிறவன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினான்.

"தலைவரே, நம்ம சாமியாடிய மாட்டுங்கா ஃபைவ் கார்டன் பார்க்குல பாத்தேன். அரை டவுசர், பூட்ஸு. காதுல வயரு. ஓடுதான்."

"ஓடட்டும். உனக்கென்ன?"

"சும்மா ஓடல தலைவரே. பாதிக் கண்ண மூடிக்கிட்டு, கைய இப்பிடித் தூக்கிக்கிட்டு. நேத்து வண்டிய நிறுத்திக் கிட்டப் போனேன். காதுல இருந்து மேளம் கேக்கு. நம்ம கொடை மேளம்."

நான் வெங்கடேஷையும் நம்பவில்லை. அவன் மச்சான் ஒருத்தனுக்கு அந்தப் பிரம்பின் மேல் ரொம்ப நாளாகக் கண். ஆகையால் நானே நேரில் போனேன். மார்ச் மாதத்தில் மும்பையில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு ஒருவன் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்றால் அது நான்தான். கையில் பேப்பர் வேறு. காலை ஐந்தேமுக்காலுக்கு மாரி வந்தான்.

அவன் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். மூன்று விளக்குக் கம்பம் ஓடினான், இரண்டு கம்பம் நடந்தான். மறுபடி மூன்று ஓட்டம், இரண்டு நடை. கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் கையை உயர்த்தி விரலை மடக்கினான். எண்ணுகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சாமியாடும்போது கை உயர்வது போலவே இருந்தது. நாலாவது தடவை என் பெஞ்சுக்கு நேரே வந்தபோது எழுந்து குறுக்கே நின்றேன்.

"என்ன மாரி இது?"

குல்லாவுக்குள் இருப்பது யார் என்று தெரிய அவனுக்கு ஒரு நொடி ஆனது. "ஓடுதேன் அண்ணாச்சி."

"அது தெரியுது. காதுல என்ன?"

வயரைக் கழற்றிக் கொடுத்தான். வாங்கி என் காதில் வைத்தேன். பம்பை, தவில், உருமி. முந்தின வருஷக் கொடையில் தென்காசிப் பக்கத்து செட்டு வந்து அடித்த மேளம். எனக்குப் படிப்புத்தான் வராது, காது வரும். எந்த செட்டு, எந்த வருஷம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"ஏ மாரி, கொடை மேளத்தக் காதுல வச்சுக்கிட்டு ஓடிப் பழகுதியா? சாமி வாரதுக்கு ரிகர்சலா?"

"சாமி என்ன போன்லயா வரும் அண்ணாச்சி?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சர்க்கர முன்னூத்திப் பத்து. நடந்தா பத்தாது, வேர்க்க வேர்க்க ஓடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க பில்டிங்ல நாலாவது மாடியில ஸ்ரீலேகான்னு ஒரு பொண்ணு, மாரத்தான்லாம் ஓடும். அதுதான் கணக்குச் சொல்லிக் குடுத்துது. கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, காதுல பாட்டு வச்சுக்கோ, வலி தெரியாதுன்னுச்சு. அது அனுப்புன பாட்டு ஒண்ணுக்கும் என் காலு நவுரல. இங்கிலீசு, இந்தி. எவனோ கத்துதான். இதுக்குத்தான் நவுந்துது."

"மாட்டுங்காவுல வந்து ஒளிஞ்சு ஓடணுமாக்கும்?"

"அரை டவுசர்ல தாராவில ஓடுனா, நாளைக்கு எவன் என் கையால திருநீறு வாங்குவான்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலைத் தயாராக வைத்திருக்கிறவனைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஏழு பேர். வெங்கடேஷ் எழுந்து, "பரீட்சைக்குப் படிக்க மாதிரி சாமிக்குப் படிக்கான்" என்றான். போன வருஷம் உட்கார்ந்தவன் இந்த வருஷம் ஓடிப் பழகுகிறான் என்றால், இத்தனை வருஷம் ஓடியது யார், அம்மனா, இவனா என்று இன்னொருவர் கேட்டார். அந்தக் கேள்வி எல்லோரையும் உலுக்கிவிட்டது. அவன் கையால் திருநீறு பூசிக் காய்ச்சல் இறங்கின பிள்ளைகள் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. முடிவாக இரண்டு தீர்மானம் போட்டோம். விஷயம் தெளிகிற வரைக்கும் பிரம்பு கோயில் பெட்டியிலேயே இருக்கும். மாரிக்கண்ணன் வீட்டு வரியை வாங்குவதில்லை.

வரி என்பது கொடைக்கு வீட்டுக்கு வீடு தருகிற பணம். இந்த வருஷம் மூவாயிரம். பணம் பெரிதல்ல. வரி வாங்காத வீடு கோயிலில் இல்லாத வீடு. கொடைச் சோறு அந்த வீட்டுக்குப் போகாது, நாளைக்கு அவர்கள் பெண்ணுக்கு ஒரு இடம் பேசினால் கோயிலில் இருந்து ஒருவரும் போய் நிற்க மாட்டோம். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கையைத் தூக்கினோம். முதலில் தூக்கியது என் கை.

மறுநாள் மத்தியானம் மாரியின் பெண்சாதி பேராச்சி என் பட்டறைக்கு வந்தாள். பிளாஸ்டிக் கவரில் பணம். கமிட்டி முடிவைச் சொன்னேன். அவள் கவரை மேசையில் வைக்கவும் இல்லை, திரும்பப் பையில் போடவும் இல்லை.

"ஏன் அண்ணாச்சி, எங்க ரூவாயில காந்தி சிரிக்கலையா?"

"விசாரிக்கோம் தாயி. முடியட்டும்."

"முப்பத்திமூணு வருசம் மேல போனாவ, கீழ வந்தாவ. ஒரு அடி முன்னால போகல. அப்ப ஒருத்தரும் விசாரிக்கல. இப்ப நாலு எட்டு ஓடுதாவ, ஏழு பேரு கூடி விசாரிக்கிய."

பதினெட்டு மெஷினும் நின்றுவிட்டன. பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு நூல் கோப்பது போல நடித்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "அந்த மேளத்த நான் முழுசாக் கேக்கணும். போனக் குடுத்து விடு" என்றேன்.

"குடுத்து விடுதேன். கேட்டுட்டுத் தாங்க. சார்ஜும் போட்டுத் தாங்க."

மறுநாள் சாயங்காலம் அவர்கள் மகள் வந்தனா போனைக் கொண்டுவந்தாள். காலேஜ் படிக்கிற பெண். தமிழ் பேசுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். அவளை வெளியே ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, மெஷினை எல்லாம் நிறுத்தி, ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தனியே கேட்டேன்.

கொடை மேளம் எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம். முதலில் நடை அடி, நிதானமாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரையும். கடைசியில் உருமிக்காரர் தோலில் குச்சியை ஒரு இழுப்பு இழுப்பார், மாடு அழுகிற மாதிரி. அந்த இழுப்பு முடிகிற இடத்தில் பம்பை சேர்ந்துகொள்ளும். அதுதான் சாமி அடி. அருள் வருவது அந்த அடியில். அதைக் கேட்டால் எனக்கே முதுகில் முடி எழும்பும்.

போனில் நடை அடி வந்தது. விரைந்தது. உருமி இழுக்கத் தொடங்கியது. அந்த இழுப்பு பாதியில் அறுந்து, மறுபடி நடை அடி வந்தது. முதலில் இருந்து ஓடியது. மறுபடி அதே இடத்தில் அறுந்தது. நான் ஐந்து தடவை கேட்டேன். ஒரு தடவையும் சாமி அடி வரவில்லை.

ரிகர்சல் செய்கிறவன் எதை வைத்துக்கொள்வான்? சாமி அடியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுவான். இவன் தலைகீழாகச் செய்திருக்கிறான். வந்தனாவை உள்ளே கூப்பிட்டேன்.

"இத யாரு வெட்டுனது?"

"நான்தான் பெரியப்பா. ஆப்ல கட் பண்ணேன்."

"நீயா வெட்டுனியா?"

"அப்பா வெட்டச் சொன்னாங்க. அந்தப் பீட் வந்தா ஓடுறது நான் இல்ல, அத வச்சு விளையாடக் கூடாதுன்னாங்க. எனக்கு அது எதுன்னே தெரியல. அப்பாதான் பக்கத்துல உக்காந்து, இங்க நிறுத்து, இங்க நிறுத்துன்னு சொன்னாங்க. அப்புறம் பெட்ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டாங்க."

அவர்கள் வீடு ஒற்றை அறை. பெட்ரூம் என்று அவள் சொன்னது மரத் தட்டிக்கு அந்தப் பக்கம். எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. இளகின உடனே உஷாரானேன். இவர்கள் நேற்று ராத்திரி உட்கார்ந்து வெட்டியிருக்கலாமே. நான் போனைக் கேட்பேன் என்று தெரிந்த பிறகு ஒரு இரவு இருந்ததே.

"இது வேற யார்ட்டயாவது இருக்கா?"

"ஸ்ரீலேகா அக்காவுக்கு அப்பா அனுப்புனாங்க. ஓடுறதுக்கு ஸ்பீடு ஓகேயான்னு கேக்க."

மறுநாள் நான் தாதருக்குப் போனேன். அந்தக் கட்டடத்தில் மாடிப்படியும் உண்டு. ஆனால் என் முழங்கால் நாலு மாடிக்குச் சம்மதிக்காது. லிஃப்டுக்குள் போனேன். ஸ்டூலில் மாரி, காக்கிச் சட்டையில். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னான். கதவை இழுத்துச் சாத்தினான்.

"நாலாவதுதானே அண்ணாச்சி?"

நான் தலையை ஆட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தளம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய கழுத்துச் சதை குறைந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். சட்டைக் காலருக்குள் இன்னொரு கை போகும். நாலாவதில் கதவைத் திறந்துவிட்டான்.

ஸ்ரீலேகா மாட்டுங்காப் பெண். பாலக்காட்டுக் குடும்பம், முப்பது வயது இருக்கும், கணக்கு ஆபீசில் வேலை. நான் யார் என்று சொன்னேன், பதினாறு வருஷத் தலைவர் என்பதையும் சேர்த்து. அவள் நாற்காலி போட்டாள்.

"மாரி அண்ணா ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா அங்கிள்?"

"அதத்தான் பாக்க வந்தேன். அவரு உனக்கு ஒரு மேளம் அனுப்புனாரா?"

"ஆமா, அனுப்பினார். ஜனவரியில." போனைத் தேடி என் முன் நீட்டினாள். தேதி ஜனவரி பத்தொன்பது. வெங்கடேஷ் அவனைப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. தேதிக்குக் கீழே அவள் கட்டைவிரல் படம் போட்டிருந்தாள். "மொத நாள் ஒரு கம்பம் ஓடிட்டு ஃபுட்பாத்ல உக்காந்துட்டார் தெரியுமோ? வாந்தி வேற. நாளைக்கு வர மாட்டார்னு நெனச்சேன். மறுநாள் எனக்கு முன்னாடி வந்து நிக்கறார். தாதர் ஃபுட்பாத்ல நானூத்தம்பதுக்கு ஷூ வாங்கியிருக்கார், ரெண்டு சைஸ் பெரிசு. ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டுண்டு ஓடறார். இப்போ மூணு கிலோமீட்டர் போறார் அங்கிள்."

"இந்த மேளத்த நீ கேட்டியா?"

"கேட்டேனே. ஒரு நாள் நானும் அதுலயே ஓடிப் பார்த்தேன், நன்னா இருந்தது. என்ன ஒண்ணு, சூப்பரா ஏறிண்டே போயி டக்குனு அறுந்துடறது. ஃபைல் சரியில்ல, வேற அனுப்புங்கோன்னேன். அதுக்கு மேல நமக்கு வேண்டாம்மான்னுட்டார். ஏன் அங்கிள், அதுக்கு மேல என்ன இருக்கு?"

அவள் போனிலும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கேட்டேன். அதே இடம், அதே பாதி இழுப்பு.

கமிட்டியைத் திரும்பக் கூட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மாரியின் போனை நடுவில் வைத்து ஓட விட்டேன். அறுகிற இடத்தில் இரண்டு பேர் தங்களை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெங்கடேஷ் மட்டும் விடவில்லை.

"தேதிய மாத்தலாம் தலைவரே. கம்ப்யூட்டர்ல என்னதான் முடியாது?"

"உன் பால் பாக்கெட்டுல மாத்த முடியுதுன்னு எல்லாத்துலயும் முடியுமாவே?"

சிரித்தார்கள். அவனும் சிரித்தான், முழுமனதாக இல்லை. "சரி தலைவரே, சாமி அடிக்கு ஓடல. ஆனா ஓடிப் பழகுனது பழகுனதுதானே? கொடையில ஓடப்போறது சாமியா, அந்த மூணு கிலோமீட்டரா?"

அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. எனக்கும் உள்ளே அது இருந்தது. அதை மாரியிடமே கேட்டு வருகிறேன், பதில் பிடித்தால் வரியோடு வருவேன், பிடிக்காவிட்டால் சும்மா வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பொருளாளர்தான் வரிக்குப் போவது வழக்கம். பதினாறு வருஷத்தில் தலைவர் ஒரு வீட்டுப் படி ஏறி வரி கேட்டது கிடையாது.

மாரி வேலை முடிந்து வந்து, பனியனோடு தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான். இரண்டே சப்பாத்தி. ஆணியில் பூட்ஸ் கழுவித் தொங்கியது. பேராச்சி என்னைப் பார்த்ததும், "வாங்க, இன்னிக்கு எதக் கேக்கணும்? பிள்ளையோட கம்மலயும் கழட்டித் தரவா?" என்றாள். அவன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

நான் உட்காரவில்லை. "மாரி, ஒண்ணு கேப்பேன். யோசிச்சுச் சொல்லு. வார கொடையில ஓடப்போறது யாரு?"

அவன் யோசிக்கவில்லை. "சாமி அண்ணாச்சி."

"அப்ப நீ எதுக்கு ஓடிப் பழகுத?"

"போன வருசம் சாமி உக்காரல. நான்தான் உக்காந்தேன்." வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "உடம்பு அதுக்கு ஒரு வண்டிதானே. அது ஏறி உக்காந்தப்ப டயரு தேஞ்சு கெடந்துது. அது இறங்கிப் போயிட்டு. அன்னிக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சர்க்கரைக்குத்தான் ஓட ஆரம்பிச்சேன், பொய் சொல்லல. ஆனா அதுக்கு மட்டும் இல்ல."

"இந்த வருசமும் மூச்சு வாங்குனா?"

"வாங்குனா உக்காருவேன். எந்திரிச்சு நடிக்க மாட்டேன். பிரம்ப நீங்க யார்ட்ட வேணாலும் குடுங்க."

கொடைக்கு முன்பு கால்நாட்டிக் காப்புக் கட்டிவிட்டால் சாமியாடி செருப்புப் போடக் கூடாது. அந்த நாட்களில் எப்படி ஓடுவாய் என்று கேட்டேன். வெறுங்காலோடு ஓடுவேன், சிமெண்டு ஓரமாக, வெயில் ஏறுவதற்குள் என்றான். மேளம்? "காப்புக் கட்டினப்பறம் மேளம் வைக்க மாட்டேன் அண்ணாச்சி. கம்பத்த எண்ணிக்கிட்டே ஓடிருவேன்." இதை நான் கேட்பதற்கு முன்பே அவன் யோசித்து வைத்திருந்தான். தயாரான பதில்தான். ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் தயாராக வைத்திருந்த பதில்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றேன்.

"பாருங்க. குல்லா மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. பார்க்குல பொம்பளப் பிள்ளைய பயப்படுது."

வந்தனா தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். நான் என் வலது கையை நீட்டினேன், உள்ளங்கை மேலே தெரிய. பேராச்சி அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை. அவன் எழுந்து கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தான். எல்லாம் நூறு ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பை நீவி, என் கையில் வைத்து, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி வாய்விட்டு எண்ணினான். "லாபம். ரெண்டு. மூணு." நான் நீட்டின கையை அசைக்கவில்லை. இருபதைத் தாண்டினதும் கை வலித்தது. அவன் அவசரப்படவில்லை. "இருபத்தெட்டு. இருபத்தொம்பது." கடைசி நோட்டை வைத்து, என் விரல்களை அதன்மேல் தானே மடக்கிவிட்டு, "முப்பது" என்றான்.